மணல் போட்டு அணைத்த நெருப்பு

போகிக்கு எரிக்க எங்கள் வீட்டில் பழைய பொருளே இல்லை. கல்யாணமாகி, அபுதாபிப் பக்கம் அல் ஐனுக்குக் குடிவந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பாத்திரம், படுக்கை, திரைச்சீலை எல்லாமே கடையிலிருந்து வந்த மினுமினுப்பு குறையாமல் இருந்தன. ஆனாலும் திருச்சியில் பிறந்தவள் போகியன்று ஒன்றையும் எரிக்காமல் இருந்தால் மறுநாள் பொங்கல் பொங்காது என்று எனக்கு ஒரு பயம். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு இந்தப் பயம் கூடாதுதான். இருந்தது.

முந்தின நாள் மாலை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பட்டியல் போடாமல் எனக்கு எந்தக் காரியத்திலும் கை ஓடாது. ஒன்று, ஓரம் பிரிந்த கோரைப்பாய். இரண்டு, போன வருடத்து நாட்காட்டி. மூன்று, என் கணவரின் ரெக்ஸின் செருப்பு. நான்கு, முழங்கை கிழிந்த அவருடைய ஸ்வெட்டர். ஐந்து, மின்விசிறி வந்த மரப்பெட்டி. ஆறு, நெருப்பை அணைத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், முடிந்ததும் டிக் போடுவதற்கு.

என் கணவர் அதை வாங்கிப் படித்தார். அவர் கிணறு தோண்டும் கம்பெனியில் பம்பு இன்ஜினியர். எதையும் இரண்டு முறை படிப்பார்.

"அஞ்சு பொருள்ல ரெண்டு என்னோடது. உன்னோடது ஒண்ணுகூடப் பழசாகலையா?"

"நான் என் பொருளை ஒழுங்கா வெச்சுக்கறேன்."

"அந்த ஸ்வெட்டர் எனக்குக் காலேஜ்லேருந்து இருக்கு."

"அதனாலதான் பட்டியல்ல இருக்கு."

காலையில் பார்த்தபோது ஸ்வெட்டர் குவியலில் இல்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றார். நான்காவது கட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. நான் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கால்நடை நிலையத்தில் பரிசோதகராக இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். ஆடு, ஒட்டகங்களின் ரத்தத்தையும் பாலையும் சோதித்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நிலையத்தின் குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் பின்முற்றத்துக்குத் தாழ்வான சுவர். சுவரைத் தாண்டினால் ஐந்து குடும்பங்களின் பட்டிகள். பேரீச்ச ஓலையை நெருக்கமாக நிறுத்திக் கட்டிய வேலிகள், ஓலைக் கொட்டகைகள், நடுவில் குளிர்காலத்துக்கான தீவனப்போர், ஓரத்தில் ஆடுகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் ஒரு பம்பு. அந்தக் குடும்பங்களில் பாதிப்பேர் அரசாங்கம் கட்டிக் கொடுத்த சிமெண்ட் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆடுகள் மட்டும் போக மறுத்துவிட்டன.

எங்கள் சுவரை ஒட்டிய பட்டியின் ஆடுகளை மேய்த்தவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். லாஞ்சில் திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்து இறங்கியவர். முதல் இரண்டு வருடம் காகிதம் எதுவும் இல்லாமல் இருந்து, பிறகு ஆட்டுச் சொந்தக்காரரான அரபியின் பெயரில் விசா கிடைத்தது. முதலாளியை இங்கே எல்லாரும் அர்பாப் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நான் அந்த மேய்ப்பரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தாயி என்பார். கேலி செய்ய வேண்டுமென்றால் டாக்டரம்மா. அந்தப் போகிக்கு இரண்டு வாரம் முன்னால் அவருடைய பட்டியில் எல்லா ஆடுகளுக்கும் ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, நிறம், கொம்பு, காது வெட்டு என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். அவர் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, இதுக்கு என்ன பேரு வச்சீங்க? பதினேழா? நல்ல பேரு. முன்னமே தெரிஞ்சிருந்தா எம் மகளுக்கும் அதேதான் வச்சிருப்பேன்" என்றார்.

போகியன்று விடியற்காலை ஐந்தரைக்குப் பின்முற்றத்தில் ஒரு சிறு குழி வெட்டி எரித்தோம். காற்று என்பதே இல்லை. புகை கயிறு மாதிரி நேராக மேலே போயிற்று. கொட்டு அடிக்கப் பிள்ளைகள் இல்லாததால் என் கணவர் காலி நெய் டின்னை ஸ்பானரால் தட்டினார். பம்பு இன்ஜினியர் தட்டினால் பம்பு ஓடுகிற மாதிரிதான் கேட்கும்.

சுவருக்கு மேல் ஒரு தலைப்பாகை தெரிந்தது.

"யாரு சாமி இது, விடியுமுன்ன கொட்டடிக்கிறது? நான் மிசினு கெட்டுப்போச்சாக்கும்னு ஓடியாறேன்."

"போகிண்ணே."

"அட, இன்னிக்கா? நாளு கெழமையே மறந்துபோச்சு தாயி. இங்கன எனக்கு வெள்ளிக்கிழமைய விட்டா வேற கெழமையே கெடையாது."

சுவரேறி வந்து நெருப்பில் குளிர் காய்ந்தார். காபியும் ஆறு இட்லியும் கொடுத்தேன். மாவை நான் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுவேன் என்பது நிலையம் முழுக்கப் பிரசித்தம்.

"நல்லாருக்கு தாயி. ஊசி மருந்து மாதிரி, ஒண்ணுக்கொண்ணு ஒரு சொட்டு கூடக் கொறச்சல் இல்ல." கையைத் துடைத்துக்கொண்டார். "வயிறு ரொம்பிப்போச்சு. இன்னிக்கு நம்ம அடுப்புக்கு லீவு."

அவர் போன பிறகு என் கணவர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். எங்கள் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். அடுத்தது சனிக்கிழமை.

"தண்ணி எதுக்கு? சுத்திலும் மணல்தானே கிடக்கு" என்றேன்.

"தண்ணி ஊத்தினா நிச்சயம்."

"லேபில எல்லாம் சிவப்பு வாளியில மணல்தான் வெச்சிருக்கோம். நெருப்புக்கு மணல். முதல் வருஷப் பாடம்."

முதல் வருடப் பாடம் என்று சொன்னால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். வாளியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். நான் மண்வாரியால் குழியை நிரப்பி, மேலே தட்டி, ஆறாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணி சுமாருக்குக் காற்று கிளம்பியது. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து அப்படி வரும், சொல்லாமல் கொள்ளாமல். ஜன்னல் கண்ணாடியில் மணல் அடிக்கிற சத்தம் கேட்டதும் நான் எழுந்துபோய் ஸ்லைடு கண்ணாடிகளை மூடி வைத்தேன். பிறகு ரத்தக் குழாய்களை. பிறகு பதிவேட்டை. இந்த வரிசையில் எல்லாவற்றையும் மூடி முடித்தபின் வெளியே பார்த்தால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் புகை. இந்த முறை கயிறு மாதிரி இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு தென்கிழக்கே ஓடியது.

நானும் ஓடினேன். புடவையில் மணலில் ஓடுவது பார்க்கிறவர்களுக்குத்தான் ஓட்டம்.

காய்ந்த பேரீச்ச ஓலை எரிகிற சத்தம் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் வேலி எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது வேலி பற்றியது. நடுவிலிருந்த இரண்டாவதைக் காற்று தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. மேய்ப்பர் பட்டிகளின் படல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். படல் திறந்தும் ஆடுகள் வெளியே வரவில்லை. எரிகிற பட்டிதான் பத்திரம் என்று உள்மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவர் உள்ளே நுழைந்து ஒரு பெரிய கிடாயைக் கொம்பைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார்.

"ஏ தலையாரி! இன்னிக்காச்சும் ஒரு வேலையப் பாருடா!"

அந்தக் கிடா வெளியே வந்ததும் மற்றவை பின்னாலேயே பாய்ந்தன. மற்ற பட்டிகளிலும் அப்படியே ஒன்றைப் பிடித்து இழுத்தார். ஒரு பட்டிக்கு மட்டும் அவரால் நேரத்துக்குப் போக முடியவில்லை.

அரைமணி நேரத்தில் எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் நெருப்பு தானாகவே நின்றது. அதற்குப் பிறகு, ஆள் அனுப்பிக் கூப்பிட்ட தண்ணீர் லாரி வந்தது. வந்து மணலில் புதைந்தது. பட்டியை இழந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதைத் தள்ளிவிட்டார்கள்.

மத்தியானம் நான் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். பட்டிகள் ஐந்து. கொட்டகைகள் இரண்டு. தீவனப்போர் முழுவதும். பேரீச்ச மரங்கள் ஏழு, அடி கருகியவை. ஆடுகள் ஆறு. காணாமல் போனவை, எங்கள் சுவரை ஒட்டிய பட்டியில் மட்டும், பதினான்கு. மனிதர்களுக்கு எதுவுமில்லை, மேய்ப்பரின் புருவத்தைத் தவிர. எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்பது என் அனுபவம். அன்று அடங்கவில்லை. அந்த ஆறு ஆடுகளும் படுத்திருந்த இடத்தை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அர்பாபின் மனைவி, இங்கத்துப் பெண்கள் அணியும் முகமூடியோடு, சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை எங்களுக்குப் பால் கொடுத்தனுப்புகிறவர். பால் கறக்கும் பாத்திரத்தைத் தேடினார். கிடைத்தது, அடிப்பாகம் இல்லாமல். அதைத் தூக்கி அதன் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அர்பாப் சிரிக்கவில்லை. பட்டிகளைச் சுற்றி வந்தார். மேய்ப்பருடைய மூன்று கல் அடுப்பைக் கண்டு அதன் முன்னால் நின்றார். எல்லாருக்கும் பொதுவான இந்தியும் அரபியும் கலந்த மொழியில் கத்தினார். அடுப்பு உன்னுடையதுதானே? நெருப்பு உன்னுடையதுதானே?

"மாஃபி, அர்பாப். ஆஜ் சூல்ஹா மாஃபி" என்றார் மேய்ப்பர். இன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை என்று.

"கலாஸ்! ரூ பிலாத்!"

முடிந்தது, ஊருக்குப் போ. விசாவைக் கான்சல் செய்து இந்த வாரமே அனுப்பிவிடுவதாக அர்பாப் சொல்லிவிட்டுப் பிக்கப்பில் ஏறிப் போனார்.

நான் வீட்டுக்கு வந்து பின்முற்றக் கதவைத் திறந்தேன். காலையில் மண்வாரியால் தட்டி மூடிய மணல் ஒரு பிடிகூட அங்கே இல்லை. காற்று அதைத் துடைத்து வாரிக்கொண்டு போயிருந்தது. வழித்த சட்டி மாதிரி கறுப்பாக ஒரு குழி. சுவரில் குழிக்கு நேரே ஒரு கருகல். சுவருக்கு அப்பால் முதலில் பற்றிய வேலியின் மூலை. மணலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும் என்பதும், பாலைவனத்தில் மணல் ஓரிடத்தில் இருக்காது என்பதும் முதல் வருடப் பாடத்தில் இல்லை. எங்கள் கல்லூரி வாளியில் மணல் இருந்தது. காற்று இல்லை.

சாயங்காலம் மேய்ப்பரைப் பார்க்கப் போனேன். மிச்சமிருந்த ஆடுகளைக் கயிறு கட்டி வளைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நெருப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு குட்டியின் காலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே, "காத்து வந்த பக்கத்துலருந்து" என்றார்.

"எங்க வீட்டுப் பக்கத்துலேருந்து."

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"அர்பாப்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவரு கேட்டாத்தான சொல்லுறதுக்கு? அவரு எங்க கேட்டாரு, அவராவே சொல்லிட்டுப் போயிட்டாரு." குட்டியை இறக்கிவிட்டார். "இட்லி தின்னுபுட்டு ஆளக் காட்டிக்குடுக்கவா தாயி? அதுவும் அளந்து ஊத்துன இட்லி."

குட்டி தாயைத் தேடி ஓடியது. அவரே பேசினார்.

"போறதப் பத்தி ஒண்ணுமில்ல. சித்திரையில லீவு கேட்டிருந்தேன். மூணு வருசத்துல மொத லீவு. பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல எறங்குனா அது ஒரு மாதிரி. அனுப்பிவிட்டுட்டாகன்னு எறங்குனா அது வேற மாதிரி. எம் மகளுக்கு இப்ப வெவரம் தெரியிற வயசு."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் குழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சத்தமில்லாமல் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். அதைப் போட்டுக்கொண்டிருப்பதே ஏதோ தடயம் மாதிரி அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"நான் தண்ணி கொண்டுவந்தேன்" என்றார்.

"ஆமா. அதையும் சேர்த்துச் சொல்லிடலாம்."

"சொல்லித்தான் ஆகணுமா? காத்து அடிச்சுது. காத்துக்கு நாமளா விசா எடுத்துக் கொடுத்தோம்?"

சொல்லாமலிருக்கக் காரணங்களை ஒரு பக்கமும், சொல்லக் காரணங்களை மறுபக்கமும் எழுதிப் பார்ப்போம் என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலை போகலாம். குவார்ட்டர்ஸ் போகலாம். போலீஸ் வரலாம். மொழி தெரியாது. அர்பாப் கோபக்காரர். பத்து வரையில் போயிற்று. கடைசியில் "அவர் வீட்டுப் பால் நின்றுபோகும்" என்றுகூடச் சொன்னார். மறுபக்கத்தில் ஒரே வரி இருந்தது: மேய்ப்பர் பற்றவைக்கவில்லை. என் கணவர் வழக்கம்போல இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பக்கம் பத்து இருக்கு" என்றார் பலவீனமாக.

"இருக்கு."

"எப்பப் போகலாம்?"

மறுநாள் பொங்கல். பொங்கல் பொங்கியது, அதில் குறையில்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். பட்டியைக் கொளுத்திவிட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு போய் நின்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று என் கணவர் கேட்டார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்று சரியாகப் பட்டது. நான் ஒரு வரைபடம் மட்டும் போட்டு எடுத்துக்கொண்டேன். வடக்கு எது, காற்று வந்த திசைக்கு ஓர் அம்பு, எங்கள் குழி, வேலி மூலை, பட்டிகள், மேய்ப்பரின் அடுப்பு. அடுப்பு எல்லாவற்றுக்கும் தென்கிழக்கில், காற்று போகிற பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து எங்கள் சுவருக்கு நெருப்பு வரவேண்டுமென்றால் காற்றை எதிர்த்து நடந்து வந்திருக்க வேண்டும்.

அர்பாப் கருகிய பேரீச்ச மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் தீவனக் கட்டுகளைப் பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் காபி வந்துவிட்டது. வந்தவன் எதிரியானாலும் முதலில் காபிதான் இங்கே. சின்னக் கோப்பையில் இரண்டு மடக்கு. போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பதினான்கு மாதமாக என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். அன்று பதற்றத்தில் கோப்பையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்து கோப்பை குடித்தார். ஆறாவதை ஊற்ற வந்தபோது நான் அவர் முழங்கையைத் தட்டினேன். கோப்பை ஆடிற்று.

பிறகு அவர் தன்னுடைய இந்தியில் ஆரம்பித்தார். அவருடைய இந்தியில் வினைச்சொல் கடைசிவரை வராது. பழைய சாமான், காலை, எங்கள் வீடு, பெரிய பண்டிகை என்று போய்க்கொண்டே இருந்தது. அர்பாப் தனக்கு ஏதோ விருந்துக்கு அழைப்பு வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். நான் வரைபடத்தைப் பாயில் விரித்து, குழியின்மேல் விரலை வைத்து, "ஆக் யஹான் ஸே. மேரா ஆக்" என்றேன். நெருப்பு இங்கிருந்து, என்னுடைய நெருப்பு.

அர்பாப் படத்தைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். எங்கள் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று என் கணவரைத் திட்ட ஆரம்பித்தார்.

வேறு வீட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்த்துக் கத்துவது அவர்களுக்கு மரியாதையில்லை. ஆகவே மணல் போட்டது நான், திட்டு முழுவதும் அவருக்கு. "மைனே, மைனே" என்று நான் இரண்டு முறை என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். அர்பாப் என் பக்கம் தலையை மட்டும் மரியாதையாக அசைத்துவிட்டு, மறுபடி அவர் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தண்ணீரோடு வந்து நின்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமாகி அதுவரை நான் அவரைப் பற்றிப் போட்டு வைத்திருந்த கணக்கில் அன்று சில திருத்தங்கள் செய்தேன்.

திட்டி ஓய்ந்தபின் அர்பாப் உட்கார்ந்தார். பழைய சாமானை ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டார். பண்டிகை என்றோம்.

"ஹர் சால்?"

"ஹர் சால்." ஒவ்வொரு வருடமும்.

"சப் மதராஸி?" எல்லா மதராஸிகளுமா?

"சப்."

அவர் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். "இதர் கித்னா மதராஸி கர்?" இங்கே மதராஸி வீடு எத்தனை?

"ஏக்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பிறகு தீர்ப்பு. வேலியை எங்கள் பக்கத்திலிருந்து என் கணவர் தன் கையால் கட்டித்தர வேண்டும். மேய்ப்பர் விஷயம்? அர்பாப் கையை உதறினார். நெருப்பு அவன் வைக்கவில்லை, சரி. பதினான்கு ஆட்டை ஓடவிட்டவன் அவன்தானே? முதலில் ஆடு. பிறகு பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் எங்கள் பழைய பிக்கப்பில் கிளம்பினோம். மேய்ப்பர் பின்னால் நின்றுகொண்டு வந்தார். நான் பதிவேட்டை மடியில் வைத்திருந்தேன். காணாமல் போன பதினான்கையும் தனித்தாளில் எடுத்து எழுதியிருந்தேன். பயந்த ஆடு காற்றை வாலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஓடும் என்று அவர் சொன்னதால் தென்கிழக்கே போனோம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கிணற்றடியில் பெரிய மந்தை ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மேய்த்தவர் வயதான ஒரு பட்டாணியர். இரண்டு நாளுக்கு முன் புது ஆடுகள் வந்து சேர்ந்தனவா என்று கேட்டதற்கு, எல்லாம் தன்னுடையவைதான் என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் இறங்கினேன். தாளைப் பிரித்தேன். "நம்பர் நாலு. வெள்ளை, இடது காது நுனியில் வெட்டு."

மந்தையில் வெள்ளை ஆடே இல்லை. புகையிலும் சாம்பலிலும் புரண்டு ஓடி வந்தவை அத்தனையும் கறுப்பு. பட்டாணியரின் ஆடுகள் பிறவியிலேயே கறுப்பு. நான் நிறத்தை முதல் பத்தியில் எழுதியிருந்தேன், ரொம்ப அழகான எழுத்தில்.

"நம்பர் நாலு" என்று இன்னொரு முறை சொன்னேன். எந்த ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தாயி, அதுக்கு இங்கிலீசு நம்பரு தெரியாது" என்றார் மேய்ப்பர். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை. பிறகு கூப்பிட்டார்.

"ஏ ரைஸ்மில்லு மொதலாளி! கணக்குப்பிள்ள பொண்டாட்டி! ஏ பஞ்சாயத்து போர்டு!"

கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. பஞ்சாயத்து போர்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாயை எடுத்து, ஒழுகவிட்டுக்கொண்டே நடந்து வந்தது. அவர் தன் ஊரில் தனக்கு ஆகாதவர்கள் அத்தனை பேரையும் இந்தப் பட்டியில் வைத்து மூன்று வருடமாக மேய்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொன்றும் வரவர நான் காதையும் கொம்பையும் பார்த்து டிக் போட்டேன். பட்டாணியருக்கு நம்பிக்கை வந்தது காதுவெட்டைப் பார்த்தா, அந்தக் கூப்பாட்டைக் கேட்டா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே டீ போட்டார். என் கணவர் அங்கே ஒரே ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டார்.

பதின்மூன்று வந்தன. நம்பர் முப்பத்தொன்று வரவில்லை. மேய்ப்பர் அதை "மச்சினிச்சி" என்று பத்து நிமிடம் கூப்பிட்டுப் பார்த்தார். கிணற்றைச் சுற்றி இருந்த முட்புதர்களை எல்லாம் பார்த்தோம். இல்லை.

ஆடுகளை நடத்திக்கொண்டு அவர் முன்னால் போக, நாங்கள் பிக்கப்பை முதல் கியரில் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தோம். வழியில் புதர் கண்ட இடமெல்லாம் அவர் மச்சினிச்சியைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கிறதால் கூடிவிடாது.

பட்டிகள் இருந்த இடத்துக்கு வரும்போது சாயங்காலத் தொழுகை முடிந்திருந்தது. அர்பாப் வந்து ஆடுகளைப் பார்த்தார். கையிலிருந்த குச்சியால் ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டு எண்ணினார். முடிந்ததும் இன்னொரு முறை, இந்த முறை கடைசியிலிருந்து. மேய்ப்பர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றார். பதினான்கு மாதமாக அவரை ஆடுகளுக்கு நடுவில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று குறைகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார்.

அர்பாப் காலித் தண்ணீர்த் தொட்டியைக் குச்சியால் தட்டினார். மேய்ப்பர் பக்கம் திரும்பாமலே, தினமும் அவரை வேலை ஏவுகிற அதே கத்தலில் கத்தினார்.

"க்யா தேக்தா? யல்லா, பானி!"

மேய்ப்பர் ஒரு நொடி புரியாமல் நின்றார். பிறகு தலைப்பாகையை எங்கள் பிக்கப்பின் மேல் எறிந்துவிட்டு, கயிற்றைத் தாண்டி, வாளியை எடுத்துக்கொண்டு பம்பு இருக்கும் பக்கம் ஓடினார்.

"என்ன சொன்னார்?" என்று என் கணவர் என்னைக் கேட்டார், கேட்டது காதில் விழாதவர் மாதிரி.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். பம்பு இழுக்கிற சத்தம் கேட்டது. ஆடுகள் தொட்டியை நோக்கி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர ஆரம்பித்தன.